முள் இல்லாத கடிவாளம்

அத்தியாயம் ஒன்பது

சீனியம்மாள் கடிவாளத்தைக் கொள்ளுப் பானைக்குள் போட்டாள். மேலே கொள்ளை அள்ளிப் பரப்பி, தட்டால் மூடிவிட்டுத் திரும்பியபோது குதிரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாரு, நல்லாப் பாரு. ஒன்னால போய்ச் சொல்ல முடியாதுல்ல."

சொன்ன கையோடு பின்னுக்கு நகர்ந்தாள். லாயத்தை ஒட்டிய அறையில்தான் குடியிருக்கிறாள் என்றாலும் இன்றுவரை அந்தக் குதிரையின் மேல் அவள் கை பட்டதில்லை. சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி வளர்ந்தவள். அவள் பிறந்த வீட்டில் இருந்த பெரிய பிராணி ஒரு வெள்ளாடு.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது வக்கீலய்யாவின் குதிரை. பெங்களூர்ப் பட்டாளத்தில் வேலை பார்த்தது. அங்கே ஏலம் விட்டபோது அவர் எடுத்து வந்தார். பட்டாளத்தில் வைத்த பெயர் மேஜர். வில்லாபுரத்து வாயில் அது மேசர் ஆகிவிட்டது. வந்த நாளிலிருந்து அதன் மேல் ஏறியவன் சீனியம்மாளின் புருஷன் காசிமாயன் இல்லை. அவனுடைய அண்ணன் பேயாண்டி. கீழவாசலில் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தவன். மேசர் அவன் கைக்கு அடங்கியது. அடக்கியது அவன் போட்ட முள் கடிவாளம். வாய்க்குள் போகும் இரும்பில் அரம் மாதிரி முள் வைத்திருக்கும். வாரை இழுத்தால் நாக்கில் குத்தும்; எப்பேர்ப்பட்ட குதிரையும் நின்றுவிடும்.

பிறகு வக்கீலய்யாவுக்கு நடைப் போட்டியில் ஆசை வந்தது. தமுக்கம் மைதானத்தில் துரைமார் உட்கார்ந்து பார்க்கிற போட்டி. அதில் ஓட்டமும் கிடையாது, வேலி தாண்டுவதும் கிடையாது. நடக்கச் சொன்னால் நடக்க வேண்டும், வட்டம் போடச் சொன்னால் போட வேண்டும், நில் என்றால் நாலு காலையும் சமமாக ஊன்றி நிற்க வேண்டும். ஆனால் முள் கூடாது, முறுக்கின இரும்பு கூடாது, இரும்பின் மேல் துணியோ கயிறோ சுற்றக் கூடாது என்று விதி. அதற்காகவே பட்டணத்திலிருந்து ஒரு வழவழப்பான கடிவாளம் வந்து இறங்கியது. நடுவில் ஒரு மூட்டு, இரண்டு பக்கமும் வளையல் மாதிரிப் பெரிய வளையம். குழந்தை வாயில் வைத்தாலும் வலிக்காது.

அதைப் போட்டு ஏறின முதல் நாளே அவனியாபுரம் கண்மாய்க் கரையில் மேசர் பின்னங்காலில் எழுந்து, பேயாண்டியோடு மல்லாக்க விழுந்தது. குதிரை எழுந்துவிட்டது. பேயாண்டியின் இடுப்பு எழுந்திருக்கவில்லை.

அது நடந்து மூன்று மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த வழவழப்பு இரும்பு ஆணியில் தொங்கியது. அண்ணனுக்குப் பதிலாகக் காசிமாயன் ஏறுகிறான், முள்ளைப் போட்டுக்கொண்டு. நாளைக்குப் போட்டி. முள்ளோடு போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். போகாவிட்டால் பெங்களூரிலிருந்து வேறு ஆள் வருவான். இந்த அறை அவனுக்கு. நடக்க முடியாத அண்ணனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று காசிமாயன் தூங்காமல் கிடக்கிறான். எங்கேயாவது போகலாம், மரத்தடியில் கஞ்சி காய்ச்சிக்கொள்ளலாம், புருஷன் இரண்டு காலோடு இருந்தால் போதும் என்று சீனியம்மாள் தூங்காமல் கிடக்கிறாள்.

அதனால்தான் அந்த இரும்பு பானைக்குள் போனது.

"எங்க போச்சு? ஆணியிலதான தொங்குச்சு!"

காசிமாயன் வைக்கோலைப் புரட்டினான். சேணப் பெட்டியைக் கவிழ்த்தான். வேப்பமரத்தடிக் கட்டிலில் படுத்திருந்த பேயாண்டிக்குச் சிரிப்பு வந்தது.

"அதுக்குக் காலு மொளச்சிருச்சுடா. எங்கிட்ட இருந்து போன காலு அதுக்குத்தேன் போயிருக்கும்."

"சும்மா இருண்ணே."

"சும்மாதேன் கெடக்கேன். பாத்தா தெரியல?"

"பள்ளிக்கூடத்து வாத்தியாரய்யா இன்னைக்குக் கடிவாளத்துக்கு முத்திர போட வாராரு. எந்த இரும்பக் காட்டுறமோ அதத்தேன் நாளைக்கும் போடணுமாம். நான் எதக் காட்ட?"

"முள்ளக் காட்டு. முடியாதும்பாரு. ஒரு கும்பிடு போட்டுட்டு வந்து படு. உசுராவது மிஞ்சும்."

சீனியம்மாள் அடுப்படியில் நின்று கேட்டாள். அவள் மனசில் இருந்ததைத்தான் பேயாண்டி சொன்னான். ஆனாலும் அவன் வாயில் கேட்டபோது அவளுக்கு அது பிடிக்கவில்லை.

காசிமாயன் துண்டை உதறித் தோளில் போட்டான். "போலீஸ் ரிசர்வ் லைனுல ரெட்டைக் கடிவாளம் ஒண்ணு சும்மா கெடக்காம். ரெண்டு இரும்பு, நாலு வாரு. அதுவும் விதியில சேத்திதேனாம். வாத்தியாரய்யாவக் கூட்டிக்கிட்டுப் போய் எரவல் வாங்கிட்டு வாரேன்."

"நாலு வாரா? இருக்கிற ரெண்டையே நீ ஏத்தம் எறைக்கிற மாதிரி இழுப்ப."

வாசல் வரை போன காசிமாயன் திரும்பினான்.

"சீனி, மேசருக்குக் கொள்ளு வச்சு, தின்னதும் ஈரத்துணியால வாயத் தொடச்சு விடு."

"நானா?"

"பின்ன, அண்ணனா எந்திரிச்சு வரும்?"

அவன் போய்விட்டான்.

அவித்த கொள்ளு வாளியை எட்டி நீட்டி வைத்தாள். மேசர் தின்று முடிக்கும்வரை சுவரோடு ஒட்டி நின்றாள். அது தலையைத் தூக்கினால் இவளுக்கு மேலே ஒரு முழம் போகும். ஒவ்வொரு மூச்சும் உலைத் துருத்தி மாதிரி வந்தது.

துணியை நனைத்துக்கொண்டு கிட்டே போனாள். புருஷன் செய்வதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! கட்டைவிரலால் உதட்டோரத்தைத் தூக்க வேண்டும், துணியை உள்ளே விட வேண்டும், ஒட்டிய கொள்ளை வழிக்க வேண்டும். சாமி பேரைச் சொல்லிக்கொண்டு உதட்டைத் தூக்கினாள். வெதுவெதுப்பாக இருந்தது. குதிரை விட்டுக்கொடுத்தது.

முன்பல் வரிசை முடிகிற இடத்துக்கும் கடைவாய்ப் பல் தொடங்குகிற இடத்துக்கும் நடுவே வெறும் ஈறு. அந்த ஈற்றின் மேல்தான் இரும்பு உட்கார வேண்டும் என்று காசிமாயன் சொல்வான். அதன் முன்கோடியில் ஒற்றையாக ஒரு பல் நின்றது. ஆண் குதிரைக்கு முளைக்கிற பல். அந்தப் பல்லின் பின்பக்கம், சட்டி விளிம்பு உடைந்ததைப் போல, சில்லுப் பெயர்ந்திருந்தது.

துணி அதில் பட்டது.

மேசர் விருட்டென்று தலையைத் தூக்கியது. சீனியம்மாள் பின்னால் போய்ச் சுவரில் மோதி, அப்படியே குந்தினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அடி விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது குதிரையும் மூலையோரம் ஒதுங்கி, காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இம்புட்டுப் பெரிய உடம்பு நடுங்குமா!

கொள்ளு தின்று பல் உடையாது. வைக்கோல் தின்றும் உடையாது. இரும்பு பட்டுத்தான் உடைந்திருக்க வேண்டும். எந்த இரும்பு? தினம் போடுகிற முள் இரும்பு உட்காரும் இடம் அவளுக்குத் தெரியும். அந்த இடத்து உதட்டோரம் காய்த்துத் தடித்திருக்கும். அது இந்தப் பல்லுக்கு மேலே, தள்ளி இருந்தது.

போய்ப் பானைக்குள் கையை விட்டு, ஒளித்து வைத்த இரும்பை எடுத்தாள். ஆணியில் குதிரைத் தலையில் மாட்டுகிற தலைவார் தொங்கியது. அதன் நுனிக் கொக்கியில் முள் கடிவாளம். அது தொங்குகிற மட்டத்துக்குச் சுவரில் கரியால் ஒரு கோடு கிழித்தாள். முள்ளைக் கழற்றிவிட்டுப் புது இரும்பை மாட்டினாள். வார் அதேதான். ஆனால் முள் இரும்பின் வளையம் மோதிரம் அளவு. இதன் வளையம் வளையல் அளவு. வளையம் பெரிசானதால் இரும்பு கோட்டுக்குக் கீழே, இரண்டு விரல் இறங்கித் தொங்கியது.

காய்த்த இடத்துக்கும் உடைந்த பல்லுக்கும் நடுவில் எத்தனை விரல் என்று அவள் மறுபடி போய் அளக்கவில்லை. அளக்க வேண்டியிருக்கவில்லை. வாரை இழுத்தபோது இந்த இரும்பு அந்தப் பல்லில் இடித்துத்தான் குதிரை எழுந்திருக்கிறது.

வாரை மேலே ஏற்றியிருந்தால் போதும். பக்கிள் குத்த வாரில் ஓட்டைகள் இருக்கின்றன. ஆனால் ஏற்ற முடியாதபடி வாரும் பக்கிளும் சேர்த்துத் தைத்துக் கிடந்தன. ஜட்காக்காரர்கள் பக்கிளை நம்ப மாட்டார்கள். கூட்டத்தில் குதிரை தலையை உதறினால் கழன்றுவிடும் என்று, ஒரு தடவை அளவு பார்த்ததும் மெழுகு நூலால் தைத்துவிடுவார்கள். ஒரு குதிரைக்கு ஒரே கடிவாளம் போடுகிற தொழிலில் அது சரிதான். பேயாண்டியும் முள்ளுக்கு அளவு பார்த்துத் தைத்திருந்தான்.

சீனியம்மாள் லாயத்து வாசல் வழியே வேப்பமரத்தைப் பார்த்தாள். பேயாண்டி முகத்தில் ஈ உட்காராமல் துண்டைப் போட்டு மூடிப் படுத்திருந்தான்.

சொல்லாமல் இருந்துவிடலாம். சொன்னால் காசிமாயன் ஏறுவான். நாளைக்கு அவனை ஏறவிடாமல் செய்யத்தானே விடியுமுன் எழுந்து பானையைத் தேடினாள்? ஆனால் சொல்லாவிட்டால் என்ன நடக்கும்? இரவல் வாங்கின நாலு வாரோடு வருவான், அதையும் இதே தையலில் மாட்டுவான், அப்போதும் ஏறுவான். அவன் ஏறாமல் இருக்கப்போவதில்லை. இது அவளுக்கு இப்போதுதான் நன்றாக உறைத்தது.

தலைவாரையும் இரண்டு இரும்பையும் எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனாள்.

"மாமா."

"என்னத்தா, ஒன்னையும் தள்ளிருச்சா?"

"இந்தத் தையலு நீங்க போட்டதா?"

பேயாண்டி துண்டை விலக்கினான். "பின்ன ஆரு? என் தையலப் பிரிக்கணும்னா அருவா கொண்டாரணும்."

"புது இரும்பு போட்டன்னைக்கு இதப் பிரிச்சீகளா?"

"எதுக்குப் பிரிக்க? முள்ளக் கழட்டுனேன், அத மாட்டுனேன், ஏறுனேன். பொறகுதேன் என்னைய மாட்டிருச்சே."

"மேசருக்கு முன்னால இருக்கிற ஒத்தப்பல்லு ஒடைஞ்சிருக்கு மாமா. வளையத்தப் பாருங்க."

இரண்டு இரும்பையும் அவன் மடியில் வைத்தாள். குதிரை வாயில் கை வைத்துப் பிழைத்தவனுக்கு அதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது? அவன் ஒன்றை எடுத்து வாரில் தொங்கவிட்டுப் பார்த்தான். கழற்றினான். மற்றதைத் தொங்கவிட்டான். மறுபடி முதலாவதை எடுத்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

"எங்கிட்டோ வெத்தல கிள்ளிக்கிட்டுக் கெடந்தவ எனக்குக் குதிர வாயச் சொல்லித்தாறியா?"

"நான் ஒண்ணும் சொல்லல மாமா."

"போ அங்கிட்டு! என் கண்ணு முன்னால நிக்காத!"

எல்லாவற்றையும் வாரித் தூர எறிந்தான். புழுதியில் போய் விழுந்தன. சீனியம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். தண்ணீர் தேவைப்படவில்லை. அங்கே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது பேயாண்டி மரத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தான். முழங்கை இரண்டிலும் புழுதி. தவழ்ந்து போய் எடுத்து வந்திருக்கிறான். கட்டில் விளிம்பில் தலைவார் ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. தையல் இல்லை. வார் இரண்டு ஓட்டை மேலே ஏறியிருந்தது. தரையில் மெழுகு நூல் துண்டு துண்டாகக் கிடந்தது.

வெயில் சாய்கிற நேரத்துக்கு ஜட்கா வந்தது. முதலில் இறங்கியவர் டிரில் மாஸ்டர் கிறிஸ்துராஜ். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். தெற்குப் பக்கத்துக் குதிரைகளைப் பார்த்து முத்திரை போடும் பொறுப்பைப் போட்டிக்காரர்கள் அவரிடம் விட்டிருந்தார்கள்.

"ஆண்டவரே, என்ன வெயில்!" தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "காசி, குதிரையை இறுக்கிப் பிடிச்சுக்கப்பா. எனக்குக் குதிரைன்னா கொஞ்சம் ஆகாது. விசில் நல்லா ஊதுறேன்னு என்னை இதுல போட்டுட்டாங்க."

காசிமாயன் இரட்டைக் கடிவாளத்தைத் திண்டில் பரப்பினான். ஒரு மெல்லிய இரும்பு, ஒரு கனத்த இரும்பு, தாடைக்கு அடியில் போகிற சங்கிலி, நாலு வார். பார்த்தாலே சீனியம்மாளுக்கு வாய் வலித்தது.

"அந்தக் கீழ் வாரைச் சுண்டுவிரலால தொட்டா போதுமாம்" என்றார் கிறிஸ்துராஜ். "பிடிச்சு இழுத்தா தாடை பேந்துருமாம். லைன்ல சொல்லி அனுப்பினாங்க."

காசிமாயன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. "என் சுண்டுவெரலு அம்புட்டுப் பதவிசாப் பேசாதுய்யா."

அப்போது சீனியம்மாள் வழவழப்பு இரும்பை நீட்டினாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"கொள்ளுப் பானைக்குள்ள."

"பானைக்குள்ள எப்பிடிப் போச்சு?"

காசிமாயன் அவள் முகத்தையே பார்த்தான். கோபம் வரப்போகிறது என்று நினைத்தாள். வரவில்லை.

"நீயே இப்பிடிப் பயந்தா நான் எப்பிடிப் புள்ள ஏறுவேன்?" என்று மெதுவாகக் கேட்டான்.

பிறகு தலைவாரை எடுத்தவன் நின்றான். "இது தச்ச வாருல்ல? பிரிச்சது ஆரு?"

"நூலு இத்துப்போச்சு" என்றான் பேயாண்டி, மரத்தைப் பார்த்தபடியே. "ரெண்டு ஓட்ட ஏத்தி வச்சிருக்கேன். எறக்காம அப்பிடியே போடு."

"எதுக்குண்ணே ஏத்தின?"

"போடுன்னா போடு."

முள், இரட்டை, வழவழப்பு. மூன்றும் திண்டில் கிடந்தன. காசிமாயன் ஒன்றையும் தொடவில்லை. அண்ணனைக் கேட்கத் திரும்பினான். அண்ணன் முதுகுதான் தெரிந்தது. பொண்டாட்டியைப் பார்த்தான்.

"எதப் போட, சீனி?"

இந்தக் கேள்வி தன்னிடம் வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. தப்பாகப் போனால் ஆயுசுக்கும் இந்த நிமிஷம் அவள் கண்ணில் நிற்கும். கண்மாய்க் கரையிலிருந்து கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்களே, அது மாதிரி இன்னொரு கட்டில்.

"இத" என்றாள், வழவழப்பைத் தொட்டு.

கிறிஸ்துராஜ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த இரும்பு முழுவதும் விரலை ஓட்டினார். முள் இல்லை, முறுக்கு இல்லை, சுற்று இல்லை. வளையத்தில் கம்பியைக் கோத்து ஈய முத்திரையை இடுக்கியால் நசுக்கினார்.

"அவ்வளவுதான். இனி நீயே நினைச்சாலும் மாத்த முடியாது. எங்கே, ஒரு வட்டம் போட்டுக் காட்டு, பார்ப்போம்."

காசிமாயன் மாட்டினான். இரும்பு மேலே போய் உட்கார்ந்தது. உதட்டோரம் லேசாகச் சுருங்கி நின்றது. மேசர் நாக்கால் அதைத் துழாவிப் பார்த்தது. முள்ளைத் தேடியிருக்க வேண்டும்.

அவன் ஏறினான். சீனியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

நடை. ஒரு வட்டம். இன்னொரு வட்டம். குதிரை தலையை ஆட்டவில்லை. மெதுவாகத் துள்ளுநடைக்கு வந்தது. அவளுக்கு மூச்சு வருவதும் போவதும் குளம்புச் சத்தத்தோடு சேர்ந்துகொண்டது. நின்றுவிட்டால் போதும், இறங்கிவிட்டால் போதும் என்று அவள் எண்ணிக்கொண்டிருக்கையில், கிறிஸ்துராஜ் தன்னை மறந்து விசிலை வாயில் வைத்து ஊதிவிட்டார்.

மேசரின் முன்னங்கால்கள் தரையை விட்டன.

சீனியம்மாள் கத்தவில்லை. குதிரையின் வயிறு தெரிந்தது. அதற்கு மேலே காசிமாயனின் தலை சாய்வது தெரிந்தது. அவன் வாரை இழுத்திருந்தால் இந்தக் கதை இந்த வாரத்தோடு முடிந்திருக்கும். அவன் இழுக்கவில்லை. கை இரண்டையும் முன்னுக்கு விட்டுப் பிடரியைப் பிடித்துக் குனிந்துகொண்டான். வாயில் ஒன்றும் இடிக்காததால் குதிரைக்கு மேலே போகக் காரணம் இல்லாமல் போயிற்று. தொப்பென்று காலைக் கீழே வைத்தது. நின்றது. நாலு காலும் சமமாக.

"மன்னிச்சுக்கப்பா! பழக்கதோஷம்!" கிறிஸ்துராஜுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "நாளைக்கு நான் விசிலை வீட்டிலேயே வச்சுட்டு வந்துடுறேன்."

மேசரின் வாயோரம் நுரை கட்டியிருந்தது. தினமும் அந்த நுரை சிவந்திருக்கும். இன்றைக்கு வெள்ளையாக இருந்தது.

இவ்வளவுக்கும் கட்டிலில் கிடந்தவன் திரும்பவே இல்லை.

காசிமாயன் குதிரையைக் கட்டிவிட்டு, வாத்தியாரை அனுப்பி வைத்து, அப்படியே பங்களாவுக்குப் போய் வக்கீலய்யாவிடம் சொல்லிவிட்டு வருவதாகப் புறப்பட்டான். சீனியம்மாள் சோற்றை வடித்தாள். கவனம் எங்கேயோ இருந்ததில் கஞ்சி காலில் கொட்டியது. தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள்.

கட்டில் காலி. பக்கத்தில் சாத்தியிருக்கும் ஊன்றுகம்பும் இல்லை.

"மாமா?"

தட்டைக் கட்டிலிலேயே வைத்தாள். ஒண்ணுக்குக்கூடத் தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு போகிற மனுஷன் எங்கே போவான்?

கிணறு!

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. அவள்தானே மத்தியானம் அவன் மடியில் கொண்டுபோய் அந்த இரும்பை வைத்தாள்? குதிரையைத் திட்டிக்கொண்டு மூன்று மாதம் உயிரோடு இருந்தவன். தப்பு அவனுடையதுதான் என்று காட்டி அந்தத் திட்டையும் அவள் பிடுங்கிக்கொண்டாள். ஓடினாள். கால் தடுக்கி முழங்கால் தேய்ந்தது. விளிம்பில் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அசையாமல் கிடந்தால் நல்லதா, கெட்டதா? அவளுக்குத் தெரியவில்லை. "மாமா" என்று கூப்பிட்டாள். அவள் குரல்தான் திரும்பி வந்தது.

தெற்கே தண்டவாளம் இருக்கிறது. அந்தப் பக்கம் ஓடலாமா என்று எழுந்தபோது, லாயத்துக்குள்ளிருந்து மேசர் மூச்சைச் சீறி விடுகிற சத்தம் கேட்டது.

வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள்.

பேயாண்டி தரையில் கிடந்தான். முதுகு தீனித்தொட்டியில் சாய்ந்திருந்தது. ஊன்றுகம்பு குதிரையின் வயிற்றுக்கு அடியில் உருண்டு போயிருந்தது. எழ முடியவில்லை, நகர முடியவில்லை. அவன் கால்கள் குதிரையின் முன்னங்கால்களுக்கு நடுவே நீட்டிக் கிடந்தன. மேசர் வலது முன்னங்காலைத் தூக்கி வைத்திருந்தது. கீழே வைக்க வேண்டிய இடத்தில் பேயாண்டியின் தொடை இருந்தது.

"கத்தாதத்தா" என்றான் அவன், உதடு அசையாமல்.

தூக்கின கால் நடுங்கியது. எம்புட்டு நேரமாக அப்படி நிற்கிறதோ! காசிமாயன் பங்களாவில் இருக்கிறான். கூப்பிட்டால் கேட்காது. கேட்கும்படி கூப்பிட்டால் குதிரை மிரளும்.

சீனியம்மாள் உள்ளே போனாள். சுவரை ஒட்டியே போனாள். குதிரையின் முகத்துக்கு நேராக வந்து, இரண்டு கையாலும் அதன் தாடையைப் பிடித்தாள். அதன் கண்ணில் அவள் உருவம் சின்னதாகத் தெரிந்தது.

"பின்னால போ, மேசரு. பின்னால போய்யா. ஒண்ணுமில்ல. பின்னால போ."

நெஞ்சை வைத்துத் தள்ளினாள். ஒரு நொடி அது அசையவில்லை. பிறகு பின்னங்கால் ஒன்று நகர்ந்தது. மற்றதும் நகர்ந்தது. தூக்கியிருந்த கால் பேயாண்டியின் தொடையைத் தாண்டிப் பின்னால் போய், தரையில் மெதுவாக ஊன்றியது.

அதற்குப் பிறகுதான் சீனியம்மாளுக்கு அழுகை வந்தது.

"எதுக்கு மாமா வந்தீக? எதுக்கு?"

"பல்லப் பாக்க வந்தேன்." அவன் குரல் கம்மியிருந்தது. "வந்து நின்னு பாத்துட்டேன். திரும்பயிலதேன் விழுந்தேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"விழுந்த சத்தத்துக்கு மிரண்டு காலத் தூக்குச்சு. பாரு, தூக்குன காலக் கீழ வைக்கல. வச்சிருந்தா நான் காலிதேன். வைக்கலத்தா."

வெளியே செருப்புச் சத்தம். காசிமாயன் வாசலில் வந்து நின்றான். அண்ணன் தரையில், பொண்டாட்டி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன நடக்குது இங்க? இது மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு கெடந்த ஆளு, இங்க எப்பிடிண்ணே வந்த?"

சீனியம்மாள் பேயாண்டியைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது அவள் வாயில் இருந்தது. அதை அவனே சொல்லட்டும் என்று விட்டாள்.

"நாளைக்குத் தமுக்கத்துக்கு நானும் வாரேன்டா. வண்டியில தூக்கிப் போட்டுக்க" என்றான் பேயாண்டி. "தலைவார நான்தேன் மாட்டுவேன்."

"மாட்டலாம். அது இருக்கட்டும். தையல எதுக்குப் பிரிச்ச? நூலு இத்துப்போகல, நான் பாத்தேன். வெட்டுன நூலு. என்னமோ இருக்குன்னு தெரிஞ்சுதேன் அதப் போட்டு ஏறுனேன். என்னண்ணே?"

மேசர் தலையைத் தாழ்த்தி, கீழே இருந்தவனின் தோளில் மூக்கை வைத்து மோந்தது. பேயாண்டிக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் தோளை இழுத்துக்கொள்ளவில்லை.

"சொல்றேன்டா" என்றான். "மொதல்ல என்னையத் தூக்கி விடு."